யார் ஜெயித்தாலும் ஒரு கையெழுத்து

எங்கள் தொகுதி இந்த வருடத்தோடு முடிகிறது. எல்லை பிரிக்கிறவர்கள் வரைபடத்தில் கோடு கிழித்து, ரயில் குடியிருப்பைக் கிழக்கே தள்ளிவிட்டார்கள். பழைய மில் தெருக்கள் வடக்கே போய்விட்டன, சந்தைப் பக்கம் தெற்கே. முப்பத்தைந்து வருடமாக நாடாளுமன்றத்தில் எங்களுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. இனிமேல் கிடையாது. அதற்காக நூலகத்தில் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஐந்து பேரைப் பற்றியும் படித்தவர்கள் எழுதுகிறார்கள்.

"நீங்களும் எழுதுங்க. எம்.பி. ஆபீஸுக்குக் கீழேயே கடை வெச்சிருக்கீங்களே" என்றார் நூலகர்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஷட்டர் ரிப்பேர் என் தொழில். எனக்கு பில்லைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியாதே என்றேன்.

"பில் மாதிரியே எழுதுங்க. சுருக்கமா இருக்கும்."

சரி என்று உட்கார்ந்தேன். அந்த ஐந்து பேரைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்த ஐந்து பேரிடமும் வேலை பார்த்தவர் ஒருத்தர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். ஊரே அவரைத் தொகுதி அக்கா என்றுதான் கூப்பிடும்.

அக்கா வேலைக்குச் சேர்ந்தது தொகுதி பிறந்த வருடத்தில். அப்போது அவருக்கு இருபத்திநாலு வயது, டைப் அடிக்கிற வேலை. முதல் உறுப்பினர் ரயில்வே தொழிற்சங்கத்துக்காரர். சத்தமாகப் பேசுவார், சரக்கு யார்டில் கூவிப் பழகிய தொண்டை. பத்து வருடம் இருந்தார். அவர் தோற்ற அன்றைக்கு அவருடைய ஆட்கள் கோபத்தில் ஆபீஸ் காகிதங்களை மூட்டை கட்டிப் பின்பக்கம் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை ஒரு அம்மா படியேறி வந்தார். செத்துப்போன கணவருடைய சர்வீஸ் புத்தகத்தை அங்கேதான் கொடுத்திருந்தார். அசல். நகல் கிடையாது. அக்கா அந்த அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை.

அடுத்து வந்தவர் எதிர்க்கட்சி வக்கீலம்மா. முதல் நாளே அக்காவைக் கூப்பிட்டு, "நீ எந்தக் கட்சி?" என்று கேட்டாராம்.

"ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்கிற கட்சிங்க" என்றாராம் அக்கா.

வக்கீலம்மா சிரித்துவிட்டு வேலையில் வைத்துக்கொண்டார். அவரிடம் அக்கா ஒன்று கேட்டுக்கொண்டார். ஜனங்கள் கொண்டு வந்து கொடுக்கிற காகிதம் கட்சியுடையதா, உறுப்பினருடையதா, ஜனங்களுடையதா? வக்கீலம்மா சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். ஒருவரை நம்பிக் கொடுத்ததை இன்னொருவரிடம் கொடுக்க முடியாது. உறுப்பினர் மாறினால் பதினைந்து நாளில் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். ஆனால் விஷயம் யாருடையதோ அவர், இல்லாவிட்டால் காகிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தவர், மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் புது உறுப்பினரிடம் ஒப்படைக்கலாம். அன்றைக்கு அக்கா ஒரு படிவம் டைப் அடித்தார். ஒரே வரி. "யார் ஜெயித்தாலும் என் காகிதங்களை அவரிடம் கொடுக்கலாம்." ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் லீவு போட்டுவிட்டு, அந்தப் படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவார்.

இதையெல்லாம் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் மாடிக்கும் அப்போது என்ன சம்பந்தம்? வருடத்துக்கு ஒரு தடவை அவர்கள் ஷட்டருக்கு கிரீஸ் போடுவேன், அவ்வளவுதான்.

சம்பந்தம் வந்தது என் தம்பியால். பத்து வருடத்துக்கு முந்தைய கதை. அவன் கப்பலில் சமையல்காரன். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கடனுக்காகக் கப்பலைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். முதலாளி ஆளையே காணோம். பதினோரு பேர் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார்கள். கரையில் இறங்க அனுமதி இல்லை. மாலுமிகளுக்கு உதவுகிற சங்கம் ஒன்று வாரத்துக்கு ஒரு நாள் படகில் தண்ணீரும் மாவும் கொண்டு வந்து கொடுக்கும். அவன் போன் செய்தால் அம்மாவிடம், "நல்லாத்தாம்மா இருக்கேன், வெயிட்டு கொறைஞ்சு அழகாயிட்டேன்" என்பான். என்னிடம் கொடுத்ததும் அழுவான்.

அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட், "அப்படி ஒரு ஆளை நாங்க அனுப்பவே இல்லையே" என்று கையை விரித்துவிட்டான். அம்மாவின் பெட்டியில் தம்பியின் ஒப்பந்தக் காகிதம் ஒன்று இருந்தது. ஏஜெண்டின் கையெழுத்தோடு. அதை எடுத்துக்கொண்டு முதல் தடவையாக வேலைக்கு இல்லாமல் அந்தப் படியேறினேன். ஏறும்போதே கத்திக்கொண்டுதான் ஏறினேன்.

"முதல்ல உக்காருங்க தம்பி. அப்புறமா கோவப்படலாம். ரெண்டுக்கும் நேரம் இருக்கு" என்றார் அக்கா.

மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கும். கையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று அவருக்கு, ஒன்று வருகிறவர்களுக்கு. நான் சொன்னதை ஒரு மணிநேரம் எழுதிக்கொண்டு, அந்த ஒப்பந்தக் காகிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். அப்போது உறுப்பினராக இருந்தவர் டாக்டர். இரண்டாவது முறை ஜெயித்தவர், பொறுமைசாலி, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். அக்கா கடிதம் எழுத, டாக்டர் கையெழுத்துப் போட, ஐந்து மாதத்தில் அமைச்சகத்திலிருந்து ஒரு ஃபைல் எண், தூதரகத்திலிருந்து ஒரு எண், அந்த மாலுமிச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் என்று கட்டு தடித்தது. தம்பி வந்துவிடுவான் என்று அம்மா அவன் கட்டிலில் புதுப் போர்வை விரித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல்.

நான் டாக்டர் பக்கம். சும்மா இல்லை, வெறியாக. அவருடைய ஆள் உயரப் படத்துக்குக் காசு வாங்காமல் இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தேன். எதிரே நின்றவர் மரவாடிக்காரர். பணக்காரர், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. கடைவாசலில் நான் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து படிவத்தை நீட்டினார். அந்த ஒற்றை வரியைப் படித்தேன்.

"என்ன அக்கா இது? யார் ஜெயிச்சாலுமா?"

"ஆமாம்பா. தோத்துட்டா கட்டு கைமாறணும்ல?"

"யாரு தோத்துட்டா? டாக்டரா? அவரு சம்பளத்தைத் தின்னுட்டு, அவரு தோக்கப் போறாருன்னு நீங்களே கையெழுத்து வாங்கறீங்களா? மரவாடிக்காரன் எவ்வளவு குடுத்தான்?"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜெயிச்சுட்டா இதைக் கிழிச்சுப் போட்டுடலாம் தம்பி" என்றார் அக்கா, சத்தத்தைக் கூட்டாமல்.

"நீங்க எதுக்கு சிரமப்படணும்? நானே கிழிக்கறேன்" என்று நாலாகக் கிழித்தேன். கிழித்ததைக் காலால் வேறு தள்ளினேன். அக்கா குனிந்து அந்த நாலு துண்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

டாக்டர் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.

இரண்டு வாரம் நான் கடையைச் சரியாகத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஷட்டர் ஏற்றிக் கொடுக்கிறவன் என் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் செருப்பு இரண்டு தடவை அந்த இடுக்கில் வந்து நின்றது. நான் மூச்சுக்கூட விடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

பதினைந்தாம் நாள் காலையில் தலைக்கு மேல் ஒரு சத்தம். கர்ரென்று, நிற்காமல். என்னவென்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"காகிதம் வெட்டற மெஷின். பழைய ஆளோட ஃபைலையெல்லாம் இன்னிக்குள்ள அழிக்கணுமாமே. உன் தம்பியோடது கையெழுத்தாயிடுச்சில்ல?"

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. மாடியில் நாலு சாக்கு நிறைய வெள்ளை நாராகக் காகிதம். ஐந்தாவது சாக்குப் பாதி நிரம்பியிருந்தது. அக்கா ஒவ்வொரு கட்டாகப் பிரித்து மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சாக்குகளைப் பார்த்தபோது எனக்கு அம்மா விரித்த போர்வைதான் ஞாபகம் வந்தது. அந்த ஒப்பந்தக் காகிதம் போனால் என் தம்பி அந்தக் கப்பலில் ஏறவே இல்லை என்று ஆகிவிடும்.

"அக்கா, என் தம்பி கட்டு..." என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா மெஷினை நிறுத்தினார். "நாற்காலி இருக்கும்போது தரையில என்ன? எழுந்திரிங்க."

அலமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மேலே அதே படிவம். அதே ஒற்றை வரி. கீழே எண்ணெய்க் கறை, அதன்மேல் என் தம்பியின் கையெழுத்து. நான் கிழித்த அன்றைக்கே அக்கா வேறொரு படிவத்தை அந்த மாலுமிச் சங்கத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். தண்ணீர்ப் படகில் அது கப்பலுக்குப் போய், கையெழுத்தாகித் திரும்பி, இரண்டு நாள் முன்னால்தான் வந்து சேர்ந்திருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே தம்பி ஒரு வரி எழுதியிருந்தான். "எங்க அண்ணன் ஏதாவது கத்தியிருந்தா மன்னிச்சுக்குங்க அக்கா. அவனுக்கு வாய்தான் அப்படி."

"இதைச் சொல்லத்தான் நேத்தும் முந்தாநேத்தும் வந்தேன். ஷட்டர் பாதியில நின்னுச்சு. ரிப்பேர் போல, ஆள் கிடைக்கலையாக்கும்னு நினைச்சேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் மூக்குதான் ஒழுகும். அக்கா வெட்டின காகிதத்திலேயே ஒரு பிடி எடுத்து நீட்டினார்.

மறுநாள் புது உறுப்பினர் முன்னால் நின்றேன். மரவாடிக்காரர் கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "டாக்டர் படத்துக்கு ஃப்ரேம் அடிச்சவன் நீதானே?"

"ஆமாங்க."

"எனக்கு ஓட்டுப் போடலை?"

"இல்லீங்க."

"ஃப்ரேம் நல்லா இருந்துச்சுய்யா. என் ஆளுங்க அடிச்சது காத்துல விழுந்துடுச்சு. உக்காரு."

கப்பலில் மரம் இறக்கிப் பழகியவர். எந்தத் துறைமுகத்தில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அங்கேயே போனை எடுத்து எவனோ ஒரு துறைமுக ஏஜெண்டை அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அக்கா காது கேட்காதவர் மாதிரி டைப் அடித்துக்கொண்டிருந்தார். திட்டு ஒரு பக்கம், கையில் டாக்டர் சேர்த்துவைத்த எண்களும் கடிதங்களும் ஒரு பக்கம். ஏழு வாரத்தில் பதினோரு பேரும் கரை இறங்கினார்கள். தம்பி வந்த அன்று அம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அழகாயிட்டேன்னு சொன்னியே, எங்கடா?" என்று கேட்டாள்.

டாக்டருக்கு நன்றி. மரவாடிக்காரருக்கும் நன்றி, அடுத்த தேர்தலிலும் நான் அவருக்குப் போடவில்லை, அவருக்கும் அது தெரியும், தெருவில் பார்த்தால் "என்னய்யா ஃப்ரேம்" என்பார். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு அளவு இடைவெளி இருந்தது. அதில் என் தம்பி விழாமல் பிடித்துக்கொண்டது அக்காவின் கை. நான் கிழித்ததை இந்தப் பத்து வருடத்தில் ஒரு தடவைகூட அவர் சொல்லிக் காட்டியதில்லை. மன்னிப்புக் கேட்கப் போனால், "ஷட்டர் கிரீச்சுங்குது, பாருங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இப்போது ஐந்தாவது உறுப்பினர், கல்லூரி ஆசிரியர், இருக்கிறார். அவரோடு தொகுதியும் முடிகிறது, அக்காவின் வேலையும் முடிகிறது. கட்டுகள் மூன்று புதுத் தொகுதிகளுக்குப் பிரிந்து போக வேண்டும். அறுநூற்றுச் சொச்சம் கையெழுத்து. அக்காவுக்கு முழங்கால் வலி. தம்பி இப்போது ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை செய்கிறான். மத்தியானம் அக்காவுக்கு சூப் கொண்டு வருவான். அவன்தான் சொன்னான், "அண்ணே, நீ கத்தற கத்துக்கு நாலு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. நீ போயேன்."

போனேன். ஒரு மாதமாகக் கடையை மூன்று மணிக்கே மூடிவிட்டு, அக்கா கீழே நிற்க, நான் பையோடு மாடி ஏறுகிறேன். போன வாரம் ரயில் குடியிருப்பில் நாலாவது மாடி. என் வயதுக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். படிவத்தைப் படித்ததும் முகம் சிவந்துவிட்டது.

"யார் ஜெயிச்சாலுமா? என்னய்யா, இந்த வயசுல கட்சி மாறிட்டியா? எவன்கிட்ட காசு வாங்கினே?" என்று படிவத்தைக் கிழித்து என் காலடியில் போட்டார்.

நான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன். பொறுக்கும்போதுதான் அக்காவின் முதுகு அன்றைக்கு எப்படி வலித்திருக்கும் என்று தெரிந்தது. நிமிர்ந்து, பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினேன்.

"கிழிங்க சார். பையில நிறைய இருக்கு. எங்க அக்கா கீழேதான் நிக்கறாங்க, இன்னும் வேணும்னாலும் டைப் அடிச்சுக் குடுப்பாங்க."

இரண்டாவதையும் கிழித்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே நின்ற அக்காவை எட்டிப் பார்த்தார். பிறகு பேனா கேட்டார்.

இருந்தது. இரண்டு.