திரும்பி வராத சாமான்

எல்லைக்கு வெளியே கொண்டுபோகும் சொந்தச் சாமானைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணமிருந்தால், போகும்போதே சுங்கச் சாவடியில் அதன் எண்ணைப் பதிந்து சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டைக் காட்டினால் திரும்பும்போது வரி இல்லை. சீட்டில்லாமல் போனாலும், அது நெடுநாள் உபயோகத்திலிருந்த பொருள்தான் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் அவர் விட்டுவிடலாம். அதிகாரிக்குத் திருப்தி ஏற்படுவது எவ்வளவு அபூர்வமான சம்பவம் என்பது முப்பத்தொரு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்த எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேர் விஷயத்தில் திருப்தியடையாமல் இருந்திருக்கிறேன்.

1938 டிசம்பரில் எனக்கு ஒன்பது வயது. அப்பா திண்டிவனம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று நாள் குடும்பத்தோடு வெளிநாடு போவதென்று ஏற்பாடாயிற்று. வெளிநாடு என்றால் புதுச்சேரி. சிரிக்க வேண்டாம்; அங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி, வேறு சட்டம், வேறு நாணயம், நடுவில் சுங்கச் சாவடி. வெளிநாட்டுக்கு இதற்கு மேல் என்ன லட்சணம் வேண்டும்?

யோசனை அம்மாவுடையது. கல்யாணமான நாளிலிருந்து எதையும் கேட்டறியாத அம்மா, கடற்காற்று வாங்கினால் இருமல் போகும் என்றாள். அத்தையையும் அழைத்துப் போகலாம் என்றாள். அப்பாவுக்கு இதில் சந்தேகப்பட ஒன்றும் தோன்றவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. வல்லத்தில் வாழ்க்கைப்பட்டவள். நாலு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், கையால் சுற்றும் தையல் மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பொங்கலுக்குள் அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக அப்பா மாமாவுக்கு எழுதிவிட்டார் என்பது மட்டும் தெரியும். கடிதத்தைத் தபாலில் போட்டது நான்தான்.

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த ஒருவருடைய காரை வாடகைக்குப் பேசினார்கள். நேர்ச் சாலையில் போகாமல், மரக்காணம் போய்க் கடலோரமாகவே தெற்கே இறங்கினோம். உப்பளங்களில் உப்பு, துணி மூடாத பிணங்களைப் போல வரிசையாகக் குவிந்து கிடந்தது. மணலில் சக்கரம் இரண்டு முறை புதைந்தது. வழியில் கொஞ்சம் பிரெஞ்சு ஊர், அப்புறம் நம் ஊர், மறுபடி பிரெஞ்சு ஊர் என்று வந்தது. டிரைவர் எனக்குப் பூகோளம் நடத்தினார்.

"இந்தப் பனமரம் வெள்ளைக்காரனுது தம்பி. அந்தப் பனமரம் பிரெஞ்சுக்காரனுது. கள்ளு மட்டும் ரெண்டுலயும் ஒண்ணுதான்."

அத்தை சிரித்தாள். அவளுக்குச் சிரிக்க வரும் என்பதை அன்றுதான் கண்டேன்.

சாவடியில் கார் நின்றதும் அப்பா தம் கைக்கடிகாரத்தையும் அம்மாவின் சங்கிலியையும் பதிவு செய்ய உள்ளே போனார். பியூன் வண்டிக்குள் தலையை நீட்டினான்.

"இது இன்னாம்மா பொட்டி?"

"தையல் மெஷினுங்க" என்றாள் அத்தை.

"திரும்பி எடுத்துக்கினு வருவியா? வர்றதுன்னா நம்பரு குடுத்து சீட்டு வாங்கிக்க. இல்லாட்டி வர்றப்ப பேஜாரு."

"வேணாங்க. இது திரும்பி வராது."

"விக்கப் போறியா?"

அம்மா அவசரமாக, "ஆமாங்க" என்றாள். பிறகு இருவரும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்பா சீட்டின் மை காய விசிறிக்கொண்டே வந்தார்.

புதுச்சேரியில் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காள் வீட்டில் தங்கினோம். மறுநாள் மாலை கடற்கரையில் அப்பா எனக்குப் பாடம் நடத்தினார். அந்தச் சீட்டை விரித்து, இது இல்லாவிட்டால் நம் கடிகாரமே நமக்கு அந்நியச் சரக்காகிவிடும் என்று விளக்கினார். பாடம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அதனால்தான் கேட்டேன்.

"அத்தை மெஷினுக்கு சீட்டே வாங்கலியேப்பா. திரும்பி வராதுன்னு சொல்லிட்டாங்களே."

அப்பா சீட்டை நாலாக மடித்தார்.

வீட்டுக்குத் திரும்பினால் அத்தையும் இல்லை, மெஷினும் இல்லை. விசாரித்துக்கொண்டு போய், கன்னியர் மடம் ஒன்றின் தையற்கூடத்தில் அத்தையைக் கண்டுபிடித்தோம். ஜன்னலோரம், தன் மெஷினின் முன்னால், வெள்ளைத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் அவள் கை நின்றது.

"அண்ணா, இங்க இருக்க எடம் குடுத்து சோறும் போடறாங்க. உனுக்கு ஒரு பாரமும் இல்ல. நான் ஓடிப்பூட்டேன்னு அவருக்கு எழுதிடு."

"பொங்கலுக்குள்ள கொண்ணாந்து விடறேன்னு கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கேன். எழுந்திரு."

"அண்ணி சொன்னாங்களா?"

"இவன் சொன்னான்."

அத்தை என்னைப் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நல்ல புள்ள" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாளே திரும்பினோம். சாவடியில் வேறு அதிகாரி. கடிகாரத்துக்கும் சங்கிலிக்கும் சீட்டு இருந்தது, மெஷினுக்கு இல்லை. பிரெஞ்சு ஊரில் புதிதாக வாங்கியது என்றார் அதிகாரி. புதிய மெஷினில் கைப்பிடி இப்படித் தேயுமா என்று அப்பா காட்டினார். அத்தையின் உள்ளங்கை அளவுக்கு அந்த மரம் குழிந்திருந்தது. அதிகாரி திருப்தியடையவில்லை. நடுவில் அந்தப் பழைய பியூன், "போறப்ப விக்கறதுன்னு சொன்னாங்கய்யா" என்று விசுவாசமாக எடுத்துக்கொடுத்தான். மெஷின் இந்தப் பக்கத்திலிருந்துதான் போனது என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே போதுமான சாட்சி. அதிகாரி கவனிக்கவில்லை. கோபத்திலிருந்த அப்பாவும் கவனிக்கவில்லை. மெஷினைப் பிடித்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அத்தை அதை வாங்கவில்லை, அப்பாதான் வாங்கினார்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு அத்தை வல்லத்துக்கு வண்டியேறினாள். அழவில்லை. "மெஷின் வந்தா சொல்லியனுப்புண்ணா. அது பக்கத்துல இருந்தா எனுக்கு ஒரு தெகிரியம்" என்றாள்.

அப்பா அதைத் தட்டவில்லை. தாலுகாவுக்கே மனு எழுதித் தந்தவர் தங்கைக்கு எழுதாமல் இருப்பாரா? மனு போனது. இரண்டு மாதம் கழித்து நினைவூட்டல் போனது. பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல். எல்லாவற்றுக்கும் நகல் இருக்கிறது. இப்போது என் அலமாரியில். வல்லத்திலிருந்து யார் வந்தாலும் அத்தை ஒரே கேள்வியைத்தான் சொல்லியனுப்புவாள். அப்பாவும் ஒரே பதிலைத்தான் சொல்லியனுப்புவார்: பரிசீலனையில் இருக்கிறது.

அந்த வருஷம் போய், அடுத்த மார்ச் மாதம் மாமா ஆள் அனுப்பினார். காய்ச்சலாம், இரண்டே நாளாம். வல்லத்துக்குப் போனோம். உடலைக் குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்த அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "காய்ச்சலுக்கு முதுகெல்லாம் இப்பிடியா ஆவும்?" என்று கேட்டாள். அப்பா வாசல் பக்கம் நடந்தார். எனக்கோ கேள்வியே விளங்கவில்லை. ஏதோ கடுமையான காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் சுங்க இலாகாவிலிருந்து உறை வந்தது. மேற்படி தையல் இயந்திரம் நெடுநாள் உபயோகத்திலிருந்தது என்பதில் திருப்தி ஏற்பட்டிருப்பதால், வரியின்றி விடுவிக்கப்படுகிறது. உரிமையாளர் நேரில் வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவும். அப்பா நின்றபடியே இரண்டு முறை படித்தார். மெஷின்தான் வந்துவிட்டதே, அத்தைக்குச் சொல்லியனுப்ப வேண்டாமா என்று பழக்க தோஷத்தில் கேட்கப்போய், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அப்பா பேனாவை எடுத்தார். கச்சேரி வழக்கப்படி, கடிதத்தின் மூலையில் அது வந்து சேர்ந்த தேதியைக் குறித்தார்: 14 மார்ச் 1940.