அடிபட்ட சுவரின் சில்லு

பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்துவிடுகிற ஆள் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளாங்குடியில் எங்கள் தெருவில் எனக்குப் பெயரே ‘எதையும் நம்பாத டீச்சர்’. அதனால் நீங்கள் உதட்டைக் கோணினாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

என் தங்கை சுகன்யா, புருஷன் அடி தாங்காமல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைத் திரும்பக் கூட்டிப்போக ஒரு நாள் மத்தியானம் அவள் புருஷன், அந்தப் பிரபு வந்தான். வரமாட்டேன் என்றாள், அவ்வளவுதான், கொண்டையைப் பிடித்து ஹால் சுவரில் அவள் மண்டையை மோதினான். தொம். தொம். தொம். நான் அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சத்தத்தை ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் அடையாளம் சொல்வேன். பின்மண்டையில் தையல் போட்டார்கள். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, சுற்றிலும் ரத்தம் அப்பியிருந்தது.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? போலீசுக்குப் போகவில்லை. பேசி முடித்து அவளை அனுப்பிவைக்க, பிரபுவையும் அவன் தாய்மாமனையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

"வர்றவங்க கண்ணுல அந்தச் செவரு படக்கூடாதும்மா. அதே கலர் வாங்கிப் பூசி விட்டுரு" என்றார் என்னிடம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வீட்டையே இடித்திருப்பேன். ஆனால் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு சோறு தின்னவும் முடியவில்லை, கழுவினாலும் போகவில்லை, அதனால் சரியென்றேன்.

எங்கள் சுவர் பிஸ்தா பச்சை. பூசிப் பல வருஷமாகி வெளுத்துப்போய், பெயிண்ட் கடைக் கலர் அட்டையில் இருக்கிற எந்தப் பச்சையோடும் சேராத பச்சை. சுவரிலிருந்து ஒரு சில்லு பெயர்த்துக் கொண்டுவந்தால் மெஷினில் காட்டி அதே கலரைக் கலக்கித் தருவதாகப் பெயிண்ட் கடையில் சொன்னார்கள். இதற்கென்று நல்ல சுவரையும் கொத்துவானேன் என்று, அடிபட்ட இடத்தில் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்த சில்லையே எடுத்துப் போனேன். ரத்தம் படாத சில்லுதான், நன்றாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

"மூலையில நல்ல எடமாப் பாத்து எடுத்திருக்கலாமேக்கா, இது அடிபட்ட எடமாட்டம் இருக்கு" என்றார் கடைக்காரர். நான் முறைத்த முறைப்பில் உடனே கலக்கிக் கொடுத்தார்.

பெயர்ந்த இடத்தில் புட்டி மாவை அப்பித் தேய்த்து, ரோலரை முக்கி முதல் இழுப்பு இழுத்தேன். தொம் என்றது. பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுபடி இழுத்தேன், மறுபடி தொம். அடுக்களையிலிருந்து சுகன்யா பின்மண்டையைப் பொத்திக்கொண்டு வந்தாள், கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"அக்கா, நிப்பாட்டு. அவரு மறுபடி மோதுற மாதிரியே இருக்கு."

நான் ரோலரைக் கீழே போட்டுவிட்டேன், அந்த இரண்டு இழுப்பிலேயே அத்தனூண்டு இடத்துக்கு ஒரு கோட்டு முடிந்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்கிட்டே போனாள். பிறகு குனிந்து ரோலரை எடுத்தாள்.

"ரெண்டாவது கோட்டு நான் போடுறேன்."

அவள் இழுக்க இழுக்கச் சுவருக்குள் தொம், தொம் என்று விழுந்துகொண்டே இருந்தது, அவள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. நம்பினால் நம்புங்கள், காய்ந்த பிறகு எது பழைய சுவர், எது புதுப் பூச்சு என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். பிரபுவுக்குப் பிளாஸ்டிக் சேரைப் புதுசாகப் பூசின சுவரோரமாக இழுத்துப் போட்டது சுகன்யாதான். அவன் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்துகொண்டான்.

"ஆம்பள கோவத்துல ரெண்டு தட்டு தட்டத்தான் செய்வான். அதுக்காக அம்புட்டையும் அறுத்துவிட முடியுமா சம்பந்தி?" என்றார் மாமன்.

அப்பா குனிந்த தலை நிமிராமல், "சரிங்க, இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பிரபுவின் உச்சி மயிர் யாரோ முறுக்கிப் பிடித்த மாதிரி குத்திட்டு நின்றது. தலை முன்னால் வந்து, அப்படியே பின்னால் போய்ச் சுவரில் மோதியது. தொம். அவன் பக்கத்தில் யாருமே இல்லை, சத்தியமாக இல்லை. மாமன் தோளைப் பிடித்து இழுத்தார், அப்பாவும் பாய்ந்து பிடித்தார், இரண்டு பேராலும் முடியவில்லை. தொம். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம், காலரெல்லாம் ரத்தம், அவன் போட்ட அலறலில் தெருவே வாசலில் கூடிவிட்டது. தொம். அதோடு விட்டுவிட்டது, சேரோடு சரிந்து விழுந்தான்.

வலிப்பு என்று மாமன் சொல்லிக்கொண்டு திரிந்தார், டாக்டரோ அப்படி எதுவும் இல்லை என்றாராம். அதன் பிறகு அப்பா, அனுப்புகிற பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் சுவரைத் துடைத்தேன். ஈரத்துணியால் ஒரே துடைப்பு, ரத்தம் அத்தனையும் வந்துவிட்டது, ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. கடையிலிருந்த அந்த மெஷின், சில்லிலிருந்து கலரை மட்டும்தான் எடுத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சுகன்யா இப்போது வாடிப்பட்டியில் வேலை பார்க்கிறாள், தனியாக வாடகை வீடு. போகும்போது மிச்ச பெயிண்ட் டப்பாவையும் தூக்கிக்கொண்டு போனாள். எதுக்குடி என்றதற்கு, இருக்கட்டும்க்கா என்றாள்.

நேற்று சாயங்காலம் போன் செய்தாள்.

"அக்கா, அவரு திருந்திட்டாராம். என்னையக் கூப்பிட ஞாயித்துக்கெழம இங்க வாராராம்."

"நீ என்னடி சொன்ன?"

"வரச் சொல்லிட்டேன்."

வேண்டாம்டி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது போனுக்குள் தொம் என்று கேட்டது.

"என்னடி சத்தம் அது?"

"ஒண்ணுமில்லக்கா. ரெண்டாவது கோட்டு போட்டுக்கிட்டிருக்கேன்."