குரூப்பில் வந்த வரி

மேடையைக் கண்டாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. மாவட்ட நிருபராக இத்தனை வருஷம் மேடைக்குக் கீழே நின்று குறிப்பெடுத்தவனுக்கு வேறென்ன வரும்? தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி நிருபர்களுக்கு ஒருநாள் முகாம் போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து பேர்போன பத்திரிகையாளர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். உள்ளூர்க்காரன் ஒருவனும் இருக்கட்டும் என்று என்னையும் மேடை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முந்தின நாள் ஓர் அதிகாரியின் ஜீப்புக்குப் பின்னாலேயே பைக்கில் வத்தல்மலை ஏறி இறங்கிய இடுப்புவலி மட்டும் இருந்தது.

வந்தவர்கள் நன்றாகவே பேசினார்கள், குறை சொல்லக் கூடாது. அவர்களில் மூத்தவர், தலையெல்லாம் நரைத்தவர், ஒன்று சொன்னார். “எழுதுகிற ஒவ்வொரு வரியிடமும் ‘இதை யார் சொன்னது?’ என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.” முன்வரிசையில் இருந்த எங்கள் அலுவலகப் பயிற்சி நிருபர் அதை எழுதிக் கோடும் போட்டுக்கொண்டாள். கம்பைநல்லூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பாவம், இன்னும் எதற்கெல்லாம் கோடு போடப் போகிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

அதே நேரம் கடைசி வரிசையில் எங்கள் உள்ளூர் நிருபர்கள் எல்லாரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரூர் சாலையில் விடியற்காலை ஒரு விபத்து. எங்கள் வழக்கம் இதுதான். யாராவது ஒருவர் செய்தி மேட்டரை டைப் அடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். மற்றவர்கள் அதை அப்படியே அவரவர் அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவார்கள். மாவட்டம் பெரியது, எங்களுக்குக் கொடுக்கிற பெட்ரோல் காசு சின்னது. எல்லாரும் எல்லா இடத்துக்கும் ஓட முடியாது. மேடையில் உட்கார்ந்தபடியே நானும் தள்ளினேன்.

டீ இடைவேளையில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். போனை நீட்டினாள்.

“சார், செத்துப்போனது எங்க ஊர் அண்ணன் ஒருத்தருங்க. மதுபோதையில் பைக் ஓட்டியதாகக் கூறப்படுகிறதுன்னு குரூப்புல போட்டிருக்காங்க. யாருங்க சார் சொன்னது?”

“போலீஸ்தாம்மா சொல்லியிருப்பாங்க.”

“ஸ்டேஷன்ல கேட்டுட்டனுங்க. அவங்க அப்படி ஒண்ணும் சொல்லலையாம். அந்த அண்ணன் அய்யப்பனுக்கு மாலை போட்டிருந்தாருங்க. சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போகையில, லைட்டு இல்லாம நின்ன கரும்பு டிராக்டர் மேல போயி மோதிட்டாரு.”

இறந்தவன் வீட்டுக்கும் போன் போட்டிருக்கிறாள். பெரியப்பா என்று அவள் கூப்பிடுகிற, அவனுடைய அப்பா எடுத்திருக்கிறார். “மாலை போட்ட புள்ளயப் போயி இப்படிக் கேக்கறியே” என்று அழுதிருக்கிறார். “பேப்பர்ல அப்படி வந்துச்சுன்னா நான் ஊருக்குள்ள எப்படிம்மா நடக்கறது?” என்று கேட்டிருக்கிறார். பிணம் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை, அதற்குள் அந்த மனுஷனுக்கு இந்தக் கவலையும் சேர்ந்துவிட்டது.

மேட்டர் அடித்தவரைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷன், மூன்று பத்திரிகைக்குச் செய்தி கொடுத்துப் பிழைக்கிறவர். போனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“அய்யய்யோ! போன வாரத்து ஆக்சிடென்ட் மேட்டரயே எடுத்துப் பேரு, ஊரு மாத்திப் போட்டனுங்க. அந்த வரி அப்படியே நின்னுபோச்சு.”

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறோம். சாலையும் சாவும் ஒரே மாதிரி இருக்கும்போது வார்த்தை மட்டும் எதற்குப் புதிதாக என்று என்றைக்கோ விட்டுவிட்டோம்.

அவர் உடனே குரூப்பில் திருத்தம் போட்டார். ஆனால் அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. சென்னை விருந்தினர்களோடு எடுத்த செல்ஃபிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து திருத்தத்தை மேலே தள்ளிவிட்டன. அந்தப் பெண் நேராக மூத்தவரிடம் போய் நின்றாள். அவர் கைகழுவின ஈரத்தோடு தன் பத்திரிகைக்குப் போன் போட்டு அந்த வரியை எடுக்கச் சொன்னார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நான் எங்கள் அலுவலகச் செய்தி டெஸ்க்குக்குச் சொன்னேன். மிச்சப் பத்திரிகைகளுக்கு அவளும் நானும் சாயங்காலம் வரை மாறி மாறிப் போன் போட்டோம். “சரிங்க, பாத்துக்கறோம்” என்றார்கள். இந்தப் ‘பாத்துக்கறோம்’ எனக்குப் பழகிய சொல். அவளுக்குப் புதிது, நம்பினாள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர்களைப் பிரித்தோம். எங்களுடையதிலும் மூத்தவருடையதிலும் அந்த வரி இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. அவள் ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அப்போது அவள் போன் அடித்தது. பெரியப்பா. டீக்கடைச் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஒங்க பேப்பர்லயும் இன்னொண்ணுலயும் சரியா வந்திருக்குதும்மா. நல்லா இரு. மத்ததுல எல்லாம் குடிச்சிருந்தான்னுதான் போட்டிருக்காங்க. நான் விடியறதுக்குள்ள கடைக்குப் போயி, யாரும் வாங்கறதுக்கு முன்னாடியே அதயெல்லாம் மொத்தமா வாங்கியாந்துட்டேன். இங்கதான் வூட்டுல கெடக்குது. ஊர்ல ஒருத்தர் கண்ணுலயும் படல.”

அவருடையது பட்டன் போன். எங்கள் கையிலிருந்த போன்களில் அந்தச் செய்தி அந்த வரியோடேயே முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஊர்க்காரர்களின் குரூப்பிலும் வந்திருந்தது. கீழே யார் யாரோ கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எதைச் சொல்ல என்று கேட்கிற பார்வை. நான் கீழே குனிந்துகொண்டேன்.

“ஆமாங்க பெரியப்பா,” என்றாள் அவள். “ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க.”