கட்டைவிரலால் சுட்டவள்

ஆன்சான் தொழிற்பேட்டையில், கார் கதவுகளுக்குத் தகடு வளைக்கும் ஆலையில், மா யோன்சுக் அக்காவும் நானும் அடுத்தடுத்த இயந்திரங்களில் நின்றோம். அவள் நின்ற இயந்திரம் ஒருநாள் அவளுடைய வலது ஆள்காட்டி விரலை எடுத்துக்கொண்டது. கட்டுப் பிரித்த வாரமே, வேலை முடிந்து நாங்கள் வழக்கமாகப் போகும் கணினி விளையாட்டுக்கூடத்துக்கு வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் மவுஸின் இடது பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்தித்தான் சுடுவோம்.

"இடது கைக்கு மாறிடுக்கா, பழகிடும்," என்றேன்.

"போனது விரல்தான். கையையும் சேத்துக் குடுக்கணுமா?"

பக்கவாட்டில் பொத்தான் வைத்த மவுஸ் ஒன்றை வாங்கினாள். அதன் அமைப்புத் திரையைத் திறந்து, சுடும் வேலையைக் கட்டைவிரல் படும் பொத்தானுக்கு மாற்றினாள். அதிலும் ஒரு சிக்கல். கட்டைவிரல் அழுத்தும்போதெல்லாம் மவுஸே நகர்ந்து குறி தப்பியது. அந்தச் சிறு அசைவு திரையில் தெரியாத அளவுக்கு மவுஸின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். இப்போது ஆட்டத்துக்குள் திரும்பிப் பார்க்கவே முழங்கையை வீசியாக வேண்டும். என் ராம்யன் நூடுல்ஸ் கிண்ணம் கவிழ்ந்தது அப்படித்தான்.

"தள்ளி உக்காந்து தின்னு," என்றாளே தவிர, வேகத்தைக் கூட்டவில்லை.

நாங்கள் அணியாக இறங்கிய நகரப் போட்டியின் அரையிறுதியில் எதிரணித் தலைவன் கூ தேயுல் கையைத் தூக்கினான். "சார், இந்த ஆன்ட்டி மவுஸ்ல ஏதோ பண்ணி வச்சிருக்காங்க."

நடுவர் வந்து திரையைப் பார்த்தார். "எல்லாத்தையும் பழையபடி மாத்துங்க. இல்லன்னா வேற ஆளை இறக்குங்க."

"கையைக் காட்டுக்கா, விட்டுடுவாங்க," என்று கிசுகிசுத்தேன்.

"பாவம் பாத்து விடுறதுக்கா வந்தேன்?" என்றவள் நடுவர் பக்கம் திரும்பினாள். "எந்த விதி? படிங்க."

அவர் கைப்பேசியில் தேடிப் படித்தார். ஒரே அழுத்தலில் பல செயல்கள் நடக்கும்படி வைக்கக் கூடாது.

"நீங்களே அழுத்துங்க. எத்தனை குண்டு போகுது?"

அழுத்தினார். ஒரு குண்டு. மறுபடியும் அழுத்தினார். ஒன்றுதான்.

தேயுல் விடவில்லை. "இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்ல?"

"சரி. உன் மவுஸ் வேகத்தைக் கடையில வாங்கினப்ப இருந்த மாதிரி வை. உன் ஆளுங்களும் வைக்கட்டும். அப்புறம் நான் வைக்கிறேன்."

தேயுல் தன் ஆட்களைப் பார்த்தான். மாதக்கணக்கில் தட்டித் தட்டித் தங்கள் கைக்குப் படியவைத்த வேகத்தை எவன் விடுவான்? ஒருவனும் அமைப்புத் திரையைத் திறக்கவில்லை.

"ஆட்டத்தை ஆரம்பிங்க," என்றார் நடுவர்.

அந்த ஆட்டத்தை வென்றோம். இறுதியாட்டத்தில் தோற்றோம், அவசரப்பட்டு வெளியே ஓடி முதலில் செத்தவன் நான். மவுஸின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவளிடம் தேயுல் வந்தான். "கடைசியில தோத்துட்டீங்களே, ஆன்ட்டி."

"ஆமா, தோத்துட்டோம். அடுத்த வருஷமும் இதே மவுஸோட வருவேன். புகாரை இப்பவே யோசிச்சு வச்சுக்கோ."

அடுத்த வருஷமும் போனோம்.