பாலில் நனைத்த ரொட்டி

வயிறு கெட்டால் சோற்றை நிறுத்து, பாலில் ரொட்டியை நனைத்துக் கொடு. தாம்பரத்தில் எங்கள் டாக்டரும் அதைத்தான் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். நானும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷனில் கோதுமை வாங்கினோம். கோதுமைக் கஞ்சியும் சப்பாத்தியும் வீட்டுக்குள் நுழைந்த சில மாதங்களில் என் நாலு வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியது. பூச்சி என்றார்கள், பேதிக்குக் கொடுத்தோம். சர்ச்சில் போதகர் தலையில் கைவைத்து ஜெபித்தார். நான் தினமும் ஆபீஸ் விட்டு எலெக்ட்ரிக் ரயிலில் வந்து இறங்கியதும், ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் ரொட்டி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். பிள்ளைக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அவள் தின்ன மாட்டாள். சோறு கேட்டு அழுவாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாடையைப் பிடித்து ஊட்டியிருக்கிறேன். துப்பியதற்கு ஒருநாள் அடித்தும் இருக்கிறேன். என் மனைவி ஒளித்து ஒரு பிடி ரசஞ்சோறு கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "புள்ளையக் கொல்லப் பாக்கிறியா?" என்று கத்தினேன்.

ஏழு வயதில், தூக்கினால் கனமே தெரியாத பிள்ளையாக, அவளை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்ன சாப்பிடுகிறாள் என்று லேடி டாக்டர் கேட்டார். ரொட்டியைத் தவிர வேறு எதையும் கண்ணில் காட்டுவதில்லை என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பரிசோதனைகளெல்லாம் முடிந்த பிறகு சீலியாக் என்று ஒரு பெயர் சொன்னார். இந்தப் பிள்ளையின் குடலைக் கோதுமை கெடுக்கிறது, இதற்கு மருந்து கிடையாது, ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது என்றார்.

"சோறு போடுங்க சார். அது போதும்."

வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அடித்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சோறு தின்று தேறினாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கிடையாது, யார் வீட்டிலும் பிஸ்கெட் கிடையாது. கட்டிப் பெருங்காயத்தில்கூட மைதா கலப்பார்கள் என்பதை ஒருமுறை அவள் மறுபடி வயிறு கெட்டுப் படுத்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டாள். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் கல்லூரிக்குப் போன பிறகும், அவள் தட்டில் நான் எதை வைத்தாலும் முதலில் தன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா தலையாட்டிய பிறகுதான் வாயில் வைப்பாள்.