உப்பு மண்ணில் போட்ட தரை

ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து எட்டு மூட்டை மண் எங்கள் கல்லூரிக்கு லாரியில் வந்து இறங்கியது. முதல் மூட்டையை அவிழ்த்ததும் ஆய்வக உதவியாளர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கடல் தண்ணியாட்டக் கரிக்குதுங்க அம்மணி."

மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் அம்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

கோயம்புத்தூருக்கு வெளியே இருக்கும் அந்தக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பாடம் நடத்துகிறேன். நாற்பது வயதுக்குமேல் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தேன். உப்பேறிய பாலை மண் காய்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மண் குழைந்துவிடும். அதை நம்பி எதையும் கட்ட முடியாது. சிமெண்ட் சேர்க்காமல், வீணாகக் கொட்டப்படும் பொருட்களைக் கொண்டே அந்த மண்ணை உறுதியாக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. கரும்புச் சக்கையை எரித்த சாம்பல், வெல்டிங் கேஸ் தயாரிக்கும் இடத்தில் குவிந்து கிடக்கும் சுண்ணாம்புச் சேறு, பொள்ளாச்சித் தென்னை நார் எல்லாவற்றையும் மண்ணோடு கலந்து, கைக்கு அடங்கும் உருளைகளாக அழுத்தி, நான்கு வாரம் ஈரத்தில் வைத்திருப்போம். பிறகு தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்போம்.

மூன்று தடவை உருளைகள் கரைந்து போயின. மூன்றாம் தடவை, தட்டில் சேறாகக் கிடந்ததைப் பார்த்து அங்கேயே நின்று அழுதுவிட்டேன். அண்ணா தட்டை எடுத்துக் கழுவி வைத்தார்.

நான்காம் தடவை நின்றன. காலை முழுக்க எனக்கு வகுப்பு இருக்கும் என்பதால் அளவுகளை எழுதிக் கொடுத்துவிடுவேன். கலந்து அச்சில் அழுத்துவது அவர் வேலை. ஒரு வாரம் ஊறியும் ஒரு துகள் உதிரவில்லை. கருத்தரங்கில் பேசினேன், கட்டுரையும் அச்சானது. பாராட்டியவர்களிடமெல்லாம் அண்ணாவின் கைராசி என்று சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி வீடு கட்டத் தொடங்கினான். திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றோரத்தில் எங்கள் நிலம். சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து அதுவும் உப்பேறிப் போனது. வெயில் நாளில் மேலே வெள்ளை பூத்திருக்கும். அதில் ஒரு சாக்கு அள்ளி வந்து அண்ணாவிடம் கொடுத்தேன்.

"தம்பி ஊட்டுக்குத் தரை போடறதுக்குங்கண்ணா. பாத்துச் செஞ்சு குடுங்க."

"சரிங்க அம்மணி" என்றார்.

அந்த உருளைகளும் கரையவில்லை. தம்பிதான் கொஞ்சம் தயங்கினான். "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாச் சரிங்க்கா" என்று கடைசியில் ஒப்புக்கொண்டான். நான் எழுதிக் கொடுத்த அளவுப்படி கொத்தனார்கள் மண்ணைக் கலந்து, இடித்துக் கெட்டித்து, மேலே டைல்ஸ் ஒட்டினார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு அண்ணாவும் வந்தார். தம்பி அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். "தரை எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டான்.

"கல்லாட்ட இருக்குதுங்க" என்றார் அண்ணா. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரம் தம்பி போன் செய்தான். "அக்கா, தரை எறங்கிப்போச்சுங்க. சித்தெ வந்து பாருங்க."

படுக்கை அறையின் ஒரு மூலை அப்படியே அமிழ்ந்திருந்தது. பீரோ சாய்ந்து நின்றது. ஜன்னல் முனையிலிருந்து மேல்வரை சுவரில் விரிசல். பெயர்ந்த டைல்ஸுக்கு அடியில் கை விட்டேன். களி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது மண். தம்பி பீரோவுக்கு அடியில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தான். அவன் மனைவி என்னைப் பார்க்காமலே காபி கொண்டுவந்து வைத்தாள்.

அப்போதும் என் கணக்கில்தான் பிழை என்று நினைத்தேன். விடுப்பு எடுத்து, அதே அளவுகளை நானே கலந்து உருளைகள் செய்தேன். நான்கு வாரம் கழித்துத் தண்ணீரில் வைத்ததும் மதியத்துக்குள் சேறாகிவிட்டன.

அண்ணாவைக் கூப்பிட்டேன். சந்தேகப்பட்டுக் கூப்பிடவில்லை, பாடம் கேட்பது போலத்தான் கேட்டேன். "நீங்க கலக்கறப்ப வேற ஏதாச்சும் பண்ணுவீங்களாண்ணா?"

அவர் கையைத் துணியில் துடைத்தார்.

"கொஞ்சம் சிமெண்ட் சேத்துப்போட்டேனுங்க."

"எப்ப இருந்து?"

"நீங்க அழுதீங்கல்ல, அதுக்கப்புறங்க. மனசு கேக்கலைங்க அம்மணி."

"தம்பி ஊட்டு மண்ணுலயுமா?"

தலையை ஆட்டினார்.

"ஊட்டுக்குன்னு சொல்லித்தானுங்கண்ணா குடுத்தேன்."

"சொல்லோணும்னுதான் இருந்தேனுங்க. நீங்க அத்தன சந்தோசமா இருந்தீங்க, வாய் வரலைங்க."

"தரையில நின்னு பாத்துட்டுக் கல்லாட்ட இருக்குதுன்னீங்களே."

அவர் கண் கலங்கி நின்றார். அந்தக் கண்ணீரைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. என் அழுகையைக் காரணம் காட்டி எனக்கே இதைச் செய்தவர், இப்போது நான் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது போலத் தோன்றியது. வெளியே வந்து வராண்டாவில் உட்கார்ந்தேன். இரண்டு வருடம் ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்து பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அத்தனை நாளும் அவர் அதை மனதில் வைத்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்.

என் ஆய்வு வழிகாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். தம்பியிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "நம்ம ஊட்ல சோறு தின்னுட்டுத்தானேக்கா போனாரு?"

அந்தத் தரையை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டுக் கல்லும் கான்கிரீட்டும் போட்டார்கள். நான் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு உருளையும் என் கையால். அளவுகளை எத்தனையோ முறை மாற்றிய பிறகு கரையாமல் நிற்கிற கலவை கிடைத்தது. பழைய உருளைகளின் பலத்தில் பாதிகூட இல்லை. நடைபாதைக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது. ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன்.

அண்ணா தானே கேட்டு வேறு துறைக்கு மாறிப் போனார். போன மாதம் மனைவியோடு வீட்டுக்கு வந்து, தாம்பாளத்தில் வைத்து மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். "அவசியம் வரோணுங்க அம்மணி" என்றார். அவர் மனைவிக்கு எதுவும் தெரியாது என்பது, "உங்களப் பத்தித்தானுங்க எப்பவும் பேச்சு" என்று அந்த அம்மா சிரித்ததிலேயே தெரிந்தது.

பார்க்கிறேன் என்றேன். முகூர்த்தத்தன்று காலையில் புடவைகூட எடுத்து வைத்தேன். போகவில்லை.