ஸ்டிக்கர்காரர் போட்ட சிடி

அந்த வீட்டில் உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று ஒட்டியிருக்கும். சரி, நியாயம். கதவில் ‘கதவு’ என்று ஒட்டியிருந்தால் என்ன சொல்வது? வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடைக்காரர் வீடு அது. மிச்சம் விழும் துண்டைத் தூக்கிப்போட மனுஷனுக்கு மனசு வராது. “நல்லவேளை, என் நெத்தியில ‘பொண்டாட்டி’ன்னு ஒட்டாம விட்டீங்களே” என்பாள் மனைவி.

அவளுக்கு ஒரு கஷ்டம். காரில் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே வயிறு புரட்டிக்கொண்டு வரும். மாத்திரையும் கேட்கவில்லை, எலுமிச்சம்பழமும் கேட்கவில்லை. கேட்ட மருந்து ஒன்றுதான்: பாட்டு ஓட வேண்டும், கூடவே அவளும் வாய்விட்டுப் பாடிக்கொண்டு வர வேண்டும். பாட்டு ஓடாவிட்டால் அவளுக்கு இரண்டு வரிக்கு மேல் ஞாபகம் வராது. வாய் நின்றால் வயிறு ஆரம்பித்துவிடும்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் மகள் வேலைக்குச் சேர்ந்து, தனியாக அறை எடுத்து ஒரு வருஷமாகிறது. அம்மா இன்னும் அந்த அறையைப் பார்க்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன மகள் போன வாரம், “விடும்மா, நீ வரமாட்ட. எனக்குத் தெரியும்” என்று போனை வைத்துவிட்டாள். அன்று மனைவி சாப்பிடவில்லை. ஸ்டிக்கர்காரருக்கும் சோறு இறங்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை போறோம். பாட்டுக்கு நான் பொறுப்பு” என்றார்.

கார் பழசு. மலையில் ரேடியோ எடுக்காது. செல்போனில் பாடவிட்டால், அந்த என்ஜின் சத்தத்துக்கு முன்னால் கொசு ரீங்கரிப்பது போலிருக்கும். காரிலிருந்த பாட்டு செட்டுக்கு சிடியைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஆசை யாரை விட்டது? ஒரே சிடியில் இருநூறு பாட்டை அடைத்தார். செட் அதை விழுங்கி, முனகி, ‘எரர்’ என்று காட்டித் துப்பியது. சிடி விற்ற கடைக்காரர் சிரித்தார். “அண்ணே, எம்பி3யா போட்டா இந்தக் கிழட்டு செட்டுக்குப் புரியாது. ஆடியோ சிடியா போடுங்க. இருபது பாட்டுதான் பிடிக்கும். சிடியில ஏத்துற ஸ்பீடையும் கொறச்சு வைங்க.”

சொன்னபடியே இரண்டு போட்டார். கம்ப்யூட்டரில் இரண்டுமே கணீரென்று பாடின. ஒன்றுக்கு வட்டமாக ஸ்டிக்கர் வெட்டி, சிவப்பு எழுத்தில் ‘அம்மாவின் பயணம்’ என்று ஒட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டு, பெருமையாகக் காரில் நுழைத்தார். உள்ளே ‘கரக் கரக்’. மறுபடியும் எரர். வெளியே வரவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது. இடுக்கி போட்டு இழுத்தார்.

“எல்லாம் சரியாத்தானம்மா செஞ்சேன்! செட்டே போச்சு போல.”

“விடுங்க. எனக்குக் கொடுத்துவைக்கல” என்று அவள் திரும்பினாள். சீட்டில் கிடந்த இன்னொரு சிடி கண்ணில் பட்டது. “இது என்ன?”

“அது மொட்டைம்மா. இன்னும் ஒட்டல.”

“மொட்டையாவே போடுங்களேன், குடியா முழுகிப்போகும்?”

போட்டார். பாடியது.

அடக் கடவுளே! ஸ்டிக்கர் ஒட்டினால் சிடி தடித்துவிடும், ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினாலும் சுற்றும்போது ஆடும் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது. நாளெல்லாம் அதே ஸ்டிக்கரைக் கையில் பிடிக்கிற மனுஷனுக்கு! வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அங்கேயே நின்று இரண்டாவது பாட்டைப் பாட ஆரம்பித்திருந்தாள். அதைக் கேட்டதும் அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் மலை ஏறினார்கள். இருபது பாட்டும் முடிந்தால் முதலிலிருந்து ஓடும். அவளும் முதலிலிருந்து பாடுவாள். சுருதிக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. ஓரமாக ஒதுங்கி வழிவிட்ட லாரிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். போகட்டும், யாருக்கென்ன? ஒரு வளைவிலும் கார் நிற்கவில்லை.

மகள் கதவைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். அம்மா வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

“அப்பா, அம்மாவுக்கு என்னாச்சு?”

“மலை பூரா பாடிக்கிட்டே வந்தா. தொண்டை போச்சு, வயிறு பொழச்சுது.”

மகள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள். “நெஜமா நீ வரமாட்டேன்னுதாம்மா நெனச்சேன்.”

அவள் மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த குரலையெல்லாம் கூட்டிக்கொண்டு கரகரத்தாள்: “இளச்சுப் போயிட்டியேடி.”